வேலை பார்த்துக்கொண்டே ஒரு அமெரிக்க ஆன்லைன் டிகிரி: என் அனுபவம்

பிளஸ் டூ முடித்து, லேட்டரல் என்ட்ரியில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்துவிட்டு ஷார்ஜாவுக்கு ஐடி சப்போர்ட் வேலைக்கு வந்தவன் நான். சில வருஷத்தில் சம்பளம் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. டிகிரி இல்லாமல் அடுத்த கிரேடுக்குப் போக முடியாது என்று எச்ஆர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். வேலையை விட்டுவிட்டு ஊரில் போய் உட்கார்ந்து படிக்கும் நிலையில் வீடு இல்லை. அதனால் யுனிவர்சிட்டி ஆஃப் த பீப்பிள் என்ற அமெரிக்க ஆன்லைன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இளநிலைப் பட்டத்தில் சேர்ந்தேன். இப்போது பட்டம் கையில் இருக்கிறது. நண்பர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம்?" அதற்குப் பதில், சேர்ந்த பிறகு நீங்கள் எப்படி ஓடுகிறீர்கள் என்பதைவிட, சேர்வதற்கு முன்னால் என்ன செய்து வைத்தீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்கு 120 கிரெடிட், அதாவது படிப்பின் அளவைக் கணக்கிடும் புள்ளிகள், சேர்க்க வேண்டும். பாடத்துக்கு மூன்று கிரெடிட் என்றால் 40 பாடம். இங்கே வருஷத்துக்கு ஐந்து டெர்ம், ஒவ்வொன்றும் ஒன்பது வாரம். வேலைக்குப் போகிறவர் டெர்முக்கு இரண்டு பாடம் எடுத்தால் வருஷத்துக்குப் பத்து. ஆக, இடைவெளியே விடாமல் படித்தாலும் நாலு வருஷம். மதிப்பெண் நன்றாக இருந்தால் மூன்று பாடம் எடுக்க அனுமதி உண்டு. ஆனால் ஒரு பாடத்துக்கு வாரம் குறைந்தது 15 மணி நேரம் ஒதுக்கச் சொல்கிறார்கள், அது மிகைப்படுத்தல் இல்லை. டேட்டா ஸ்ட்ரக்சர், ஆப்பரேட்டிங் சிஸ்டம் மாதிரிப் பாடங்களை மூன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டு வேலைக்கும் போவது உடம்புக்கு ஆகாது.

அப்படியென்றால் வேகம் எங்கிருந்து வரும்? வெளியிலிருந்து கொண்டுவரும் கிரெடிட்டிலிருந்து. சோஃபியா லேர்னிங் என்ற தளத்தில் மாதச் சந்தா கட்டி, ஒரே சமயத்தில் இரண்டு பாடங்களாக, நம் வேகத்துக்குப் படிக்கலாம். நான் படித்தபோது மாதம் 99 டாலர். அந்தப் பாடங்களுக்கு அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷனின் கிரெடிட் பரிந்துரை இருக்கிறது, அதை வைத்துப் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்கின்றன. புள்ளியியல், உளவியல், பொருளாதாரம் போன்ற பொதுப் பாடங்களை அங்கே சில வாரங்களில் முடிக்க முடிந்தது. ஆங்கிலக் கட்டுரைப் பாடம் மட்டும் மெதுவாகத்தான் நகரும். ஒவ்வொரு கட்டுரையையும் ஆள் வாசித்துத் திருத்தி அனுப்ப வேண்டும் அல்லவா.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்காமல் சந்தா கட்டாதீர்கள். அடுத்தது, மாற்றிக் கொண்டுவரும் கிரெடிட்டுக்கு மதிப்பெண் கிடையாது. ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண் கணக்கு பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் படிக்கும் பாடங்களை வைத்து மட்டும்தான் வரும். நிறையக் கொண்டுவந்தால் மீதியுள்ள ஒவ்வொரு பாடமும் ஜிபிஏவில் கனமாக உட்காரும். மேற்படிப்பு மனத்தில் இருப்பவர்களுக்கு இது முக்கியம்.

டிப்ளமோ படிப்பையும் கிரெடிட்டாகக் கேட்டுப் பார்க்க நினைத்தேன். நான் படித்த பாலிடெக்னிக்கிலிருந்து சீல் வைத்த கவரில் டிரான்ஸ்கிரிப்ட் (படித்த பாடங்கள், மதிப்பெண்களின் பட்டியல்) வாங்க அப்பா அலையாத அலைச்சல் இல்லை. கிளார்க் லீவு, முதல்வர் கையெழுத்து, மறுபடி கிளார்க் லீவு. கடைசியில் அதைக் கைவிட்டேன். நீங்கள் ஊரில் இருக்கும்போதே இரண்டு மூன்று பிரதி வாங்கி வைத்துவிடுங்கள், வெளிநாடு வந்தபின் அது பெரும்பாடு.

"டியூஷன் ஃப்ரீ" என்பதை முழு இலவசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கற்பிக்கக் கட்டணம் இல்லை, விண்ணப்பத்துக்கும் ஒவ்வொரு பாடத்தின் மதிப்பீட்டுக்கும் கட்டணம் உண்டு. மதிப்பீட்டுக் கட்டணம் வருஷங்களில் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. பாடத்துக்கு 120 டாலர் என்று வைத்தால்கூட 40 பாடத்துக்கு 4,800 டாலர். பாடப்புத்தகச் செலவு அறவே இல்லை, எல்லாமே திறந்த மூலப் பாடநூல்கள். கட்ட முடியாதவர்களுக்கு உதவித்தொகையும் இருக்கிறது. அமீரக நாணயமான திர்ஹாமின் மதிப்பை டாலரோடு கட்டிவைத்திருப்பதால், நாணய மாற்றில் எனக்குத் தொகை கூடவில்லை. சென்னையிலிருந்து படித்த நண்பருக்கு ரூபாய் சரியும் ஒவ்வொரு டெர்மிலும் கூடுதலாகப் போனது.

பல்கலைக்கழகத்தில் பாட வாரம் வியாழக்கிழமை தொடங்கி புதன் இரவு 11.55க்கு முடியும், அதுவும் பல்கலைக்கழக நேரத்தில். நமக்கு அது அமீரகத்தில் வியாழன் காலை 8.55, இந்தியாவிலும் இலங்கையிலும் 10.25. அலுவலகம் தொடங்கும் நேரம்! அதனால் எனக்குக் கெடு என்பது புதன் இரவு சாப்பாட்டுக்கு முன்னால் என்று நானே வைத்துக்கொண்டேன். சனி ஞாயிறு வாசிப்பு, திங்கள் கலந்துரையாடல் பதிவு, செவ்வாய் அசைன்மென்ட். அலாரத்தை நம்பி வியாழன் காலைக்குத் தள்ளிப் போடுகிறவர்கள் பாதியில் நின்றுவிடுவதை நிறையப் பார்த்தேன்.

நான் படித்தபோது எழுத்து வேலைகள் பலவற்றைத் திருத்தியது சக மாணவர்கள். நம் தாளை மூன்று பேர் பார்ப்பார்கள், நாமும் மூன்று பேருடையதைப் பார்ப்போம். இந்த முறையில் ஒரு இயல்பான பலவீனம் இருக்கிறது: ஆழமாகப் படித்துத் திருத்துகிறவரும் வருவார், மேலோட்டமாகப் பார்த்து எண் போட்டுவிட்டுப் போகிறவரும் வருவார். எண் நியாயமாக இல்லையென்றால் ஆசிரியருக்கு எழுதி மறுபடி பார்க்கச் சொல்லலாம், கூச்சப்படத் தேவையில்லை. ஆனால் திருத்தும் வேலையால் எனக்குக் கிடைத்த லாபத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஜாவா பாடத்தில் ஒருவருடைய நிரல் கம்பைல் ஆகிறது, ஓடுகிறது, கடைசியில் நின்றுவிடுகிறது. லூப்பில் 'குறைவு' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'குறைவு அல்லது சமம்' என்று எழுதியிருந்தார். அர்ரேயில் இல்லாத ஓர் இடத்தைத் தேடி அது விழுந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்து, எதனால் என்று அவருக்குப் புரியும்படி எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் நான் கற்றது அந்த வாரப் பாடம் முழுவதையும்விட அதிகம்.

மேற்கோள் காட்டும் முறையை முதல் டெர்மிலேயே கற்றுக்கொள்ளுங்கள். ஏபிஏ வடிவம் என்பார்கள். நம் டிப்ளமோ கல்வியில் யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை. இணையத்திலிருந்து ஒரு பத்தியை எடுத்து வார்த்தையை மாற்றிப் போடுவது அங்கே நேர்மைக் குறைவு. மென்பொருள் வைத்துப் பிடிக்கிறார்கள், விளைவும் கடுமையானது.

சில பாடங்களுக்கு இறுதித் தேர்வு கண்காணிப்போடு நடக்கும். கேமரா வழியாக ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார், அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார், மேசைக்கு அடியிலும் காட்ட வேண்டும். வேறு யாரும் உள்ளே வரக் கூடாது. பலர் தங்கும் அறையில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்து, பெட் ஸ்பேஸில் இருக்கிறவனுக்கு அப்படி ஓர் அறை ஏது? என் மேனேஜரிடம் கேட்டு, விடுமுறை நாளில் அலுவலக மீட்டிங் ரூமைத் திறந்துகொண்டு எழுதினேன். ஒயிட்போர்டில் யாரோ எழுதி வைத்திருந்த விற்பனைக் கணக்கை எல்லாம் அழித்த பிறகுதான் தேர்வைத் தொடங்க விட்டார்கள். அந்த மேனேஜருக்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

இனி அங்கீகாரம். இதை நிதானமாக வாசியுங்கள். 2009இல் ஷாய் ரெஷெஃப் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்துக்கு 2014இல் டிஇஏசி என்ற தொலைக்கல்வி அமைப்பின் அங்கீகாரம் கிடைத்தது. பிறகு 2025இல், அமெரிக்காவின் மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்களைப் பார்க்கும் டபிள்யூஎஸ்சியூசி என்ற அமைப்பின் அங்கீகாரமும் வந்தது. அமெரிக்காவுக்குள் இது பெரிய மாற்றம். இந்தியாவில் கதை வேறு. யுஜிசி 2025இல் கொண்டுவந்த விதிகளின்படி, வெளிநாட்டுப் பட்டத்தை இந்தியப் பட்டத்துக்குச் சமமாக ஏற்க வேண்டுமென்றால் நேரில் வகுப்புக்குப் போய்ப் படித்திருக்க வேண்டும். ஆகவே டிஎன்பிஎஸ்சி, அரசு வேலை, ஊரில் எம்சிஏ என்று கனவு இருந்தால் இந்த வழி உங்களுக்கு இல்லை. இக்னோ அல்லது யுஜிசி அனுமதித்த ஆன்லைன் படிப்பைப் பாருங்கள். விரைவு என்ற ஒரே காரணத்துக்காக அதை விட்டுவிட்டு இங்கே வராதீர்கள்.

அமெரிக்கா போக இது வாசல் என்று சில ஏஜென்டுகள் சொல்லித் திரிகிறார்கள். பச்சைப் பொய். முழுக்க ஆன்லைன் படிப்புக்கு எஃப்-1 என்ற மாணவர் விசா கிடையாது, படிப்பு முடிந்தபின் அங்கே வேலை பார்க்கும் ஓபிடி வாய்ப்பும் கிடையாது.

தனியார் நிறுவனத்தில் எனக்கு இது பயன்பட்டது. எச்ஆர் பல்கலைக்கழகத்துக்கே எழுதிச் சரிபார்த்தார்கள், கிரேடு மாறியது. என் அறையில் தங்கியிருக்கும் தூத்துக்குடித் தம்பி இப்போது, "அண்ணே, நானும் சேரட்டுமா?" என்கிறான். அவனிடம் சொன்னது இதுதான்: "மொதல்ல உன் கம்பெனி எச்ஆர்கிட்ட இந்தப் பட்டத்த ஏத்துக்குவாங்களான்னு மெயில்ல கேட்டு வாங்கு. பட்டம் உண்மைதான்னு முத்திரை வாங்குற அட்டெஸ்டேஷன் வேணுமான்னும் கேளு, அதுக்கு வாஷிங்டன்ல இருக்கிற அமீரகத் தூதரகம் வரைக்கும் காகிதம் போகணும். பதில் வந்த பிறகு சோஃபியாவுல ஒரு மாசம் மட்டும் கட்டி ரெண்டு பாடம் படிச்சுப் பாரு. டூட்டி முடிஞ்சு வந்து உக்கார முடியுதான்னு அதுலயே தெரிஞ்சுடும்." எச்ஆருக்கு மெயில் போட்டுவிட்டான், பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.