லைட்டர் சாக்கெட் வோல்ட் மீட்டர்: பேட்டரியின் சார்ஜை இது சரியாகச் சொல்லுமா?

காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகியவுடன் பேட்டரியின் மின்னழுத்தத்தைச் சிவப்பு எண்களில் காட்டும் சிறு வோல்ட் மீட்டர்கள் பல பெயர்களில் கிடைக்கின்றன. இவற்றின் அட்டையில் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும்: 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். பட்டியலில் தவறில்லை. ஆனால் இந்தக் கருவியை வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலைப் பார்ப்பதில் பயன் மிகக் குறைவு.

பட்டியல் எதை அளக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 12 வோல்ட் ஈய அமில பேட்டரியில் ஆறு செல்கள் உள்ளன. சார்ஜ் இறங்க இறங்க அவற்றிலுள்ள அமிலம் நீர்த்துப்போகிறது, மின்னழுத்தமும் கூடவே இறங்குகிறது. அமிலத்தின் ஒப்படர்த்தியோடு (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 0.84ஐக் கூட்டினால் ஒரு செல்லின் மின்னழுத்தம் ஏறக்குறைய கிடைத்துவிடும். முழுச் சார்ஜில் ஒப்படர்த்தி 1.265 அளவில் இருப்பதால் செல்லுக்கு 2.105 வோல்ட், ஆறு செல்லுக்கு 12.63 வோல்ட். ஆகவே, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை நுழைக்க வழியில்லாத, மூடி திறக்க முடியாத பேட்டரியிலும் அமிலத்தின் நிலையை வெளியிலிருந்தே கணிக்கலாம். (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏஜிஎம் வகை பேட்டரிக்கு முழுச் சார்ஜ் என்பது 12.8 வோல்ட்டை ஒட்டியே தொடங்குகிறது. அட்டைப் பட்டியல்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.)

இந்தக் கணக்கு பேட்டரி ஓய்வில் இருக்கும்போது மட்டுமே பொருந்தும். வண்டி ஓடி நின்றவுடன் தகடுகளை ஒட்டிய அமிலம் மற்ற இடங்களைவிட அடர்த்தியாக இருப்பதால், உண்மையான சார்ஜைவிட அதிகமான எண்ணே தெரியும். அது பரவிச் சமநிலைக்கு வரச் சில மணி நேரமாவது தேவை. இரவு முழுவதும் நிறுத்திவிட்டுக் காலையில் அளப்பதே சிறந்தது. அவசரமென்றால், முகப்பு விளக்கைச் சில நிமிடங்கள் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்துப் பார்க்கலாம்.

லைட்டர் சாக்கெட் கருவி தடுமாறுவது இந்த ஓய்வு நிலையில்தான். பல கார்களில் சாவியைத் திருப்பினாலன்றி அந்தச் சாக்கெட்டுக்கு மின்சாரம் வராது. சாவியைத் திருப்பினால் எரிபொருள் பம்ப், கட்டுப்பாட்டுப் பெட்டிகள், முகப்புப் பலகை எல்லாம் விழித்துக்கொண்டு மின்சாரம் இழுக்கத் தொடங்குகின்றன. பேட்டரியின் ஓய்வு அங்கேயே கலைந்துவிடுகிறது. டெர்மினலில் வைத்த மல்டிமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, சாவியைத் திருப்பியதும் மல்டிமீட்டரிலேயே எண் இறங்கியது; சாக்கெட் கருவி அதற்கும் கீழே காட்டியது, ஏனெனில் இடையிலுள்ள கம்பிகளும் ஃபியூஸும் இணைப்புகளும் தம் பங்குக்குச் சிறிது மின்னழுத்தத்தை விழுங்கிக்கொள்கின்றன. சாக்கெட்டில் எப்போதும் மின்சாரம் இருக்கும் கார்களில் நிலைமை சற்று மேல் என்றாலும், எண்ணைப் படிக்கக் கதவைத் திறந்தாலே உள்விளக்கு எரிகிறது.

துல்லியக் குறை இதைவிடப் பெரியது. முழுச் சார்ஜுக்கும் வெறுமைக்கும் இடையே உள்ள தூரம் முக்கால் வோல்ட் அளவுதான், அதில் 0.1 வோல்ட் என்பது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. ஒரே ஒரு தசம இலக்கம் காட்டும் கருவியில் 0.1 வோல்ட் பிழையும் சேர்ந்தால், 12.4 என்று தெரிவது உண்மையில் 12.25 ஆகவும் இருக்கலாம், 12.55 ஆகவும் இருக்கலாம். அதாவது, பாதி சார்ஜிலிருந்து கிட்டத்தட்ட முழுச் சார்ஜ் வரை எதுவாகவும் இருக்கலாம்.

இக்கருவியை முற்றிலும் ஒதுக்கிவிடவும் வேண்டாம். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் என்ஜினால் சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது என்று அறிய இது போதும். அந்த வேலைக்கு 0.1 வோல்ட் பிழை ஒரு பொருட்டே அல்ல.

சார்ஜ் நிலையை அறிய, இரண்டு தசம இலக்கம் காட்டும் எளிய டிஜிட்டல் மல்டிமீட்டரையே நான் பரிந்துரைப்பேன். நேர் மின்னோட்டத்தில் 20 வோல்ட் வரம்பைத் தேர்ந்து, பானட்டைத் திறந்தபின் எல்லாம் உறங்கக் காத்திருந்து, முனைகளை இணைப்புக் கிளாம்ப்பில் அல்லாமல் பேட்டரியின் ஈயத் தூண்களிலேயே வைக்க வேண்டும். சிவப்புக் கம்பி மின்னோட்டம் அளக்கும் துளையில் இருந்தால் பேட்டரியையே குறுக்கிணைப்பதாகிவிடும் என்பதால் அதை முதலில் சரிபார்க்க வேண்டும். 12.4க்குக் கீழே தொடர்ந்து கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிவம் இறுகத் தொடங்கும். தாமதியாமல் சார்ஜரில் போடுவது நல்லது.

மல்டிமீட்டரிலும் 12.6 காட்டிவிட்டு, ஸ்டார்ட்டரைத் திருகியதும் பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், குறை பெரும்பாலும் சார்ஜில் இல்லை, தேய்ந்துபோன தகடுகளில் இருக்கும். அதை உறுதிசெய்யச் சுமை ஏற்றிப் பார்க்கும் சோதனைக் கருவி தேவை.