உள்ளறைப் படங்களுக்கு வி-ரேயா, என்ஸ்கேப்பா?

ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் வரைந்த வரவேற்பறையை நிஜப் புகைப்படம் மாதிரி காட்டவேண்டும் என்றால், பெரும்பாலும் வி-ரே, என்ஸ்கேப் என்ற இரண்டு ரெண்டர் மென்பொருள்களில் (வரைந்ததை நிஜம் போன்ற படமாக மாற்றுபவை) ஒன்றில்தான் வந்து நிற்போம். 2022-ல் என்ஸ்கேப் நிறுவனமும் வி-ரேயை உருவாக்கிய கேயாஸ் நிறுவனமும் இணைந்துவிட்டன, ஆனால் இரண்டு மென்பொருள்களும் வேலை செய்யும் விதமே வேறு.

என்ஸ்கேப்பில், நீங்கள் சோபாவை நகர்த்தினால் படத்திலும் அப்போதே நகரும். வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்து "அந்தச் சுவர் கொஞ்சம் வெளிர் நிறமா இருந்தா?" என்று கேட்கும்போது இதற்கு ஈடே கிடையாது. ஒன்று மட்டும், சுவரைத் தடிமன் இல்லாமல் ஒற்றை முகமாக வரைந்திருந்தால் மூலைகளில் வெளிச்சம் கசியும்.

வி-ரே மெதுவானது, சரி. ஆனால் ஜன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம் மரத்தரையில் பட்டு, அந்த மரநிறத்தையும் சேர்த்துக்கொண்டு கூரைக்கு ஏறி, ஃபால்ஸ் சீலிங் ஓரத்தில் மெல்ல மங்குகிறதே, அதை இது காட்டும் நேர்த்தி என்ஸ்கேப்பில் எனக்குக் கிடைப்பதில்லை. அப்புறம் லைட் மிக்ஸ்: ரெண்டர் முடிந்த பிறகும் ஒவ்வொரு விளக்கின் பிரகாசத்தையும் நிறத்தையும் தனித்தனியாக மாற்றலாம், மறுபடி ரெண்டர் போடவேண்டாம். மஞ்சளா வெள்ளையா என்று கடைசிவரை முடிவாகாத வீடுகளுக்கு இது பெரிய வரம்.

வடிவமைப்பு முடியும்வரை என்ஸ்கேப், இறுதிப் படங்களுக்கு வி-ரே என்பதுதான் என் தேர்வு. கண்ணாடியும் பளிங்கும் நிறைந்த குளியலறை என்றால் முதலிலிருந்தே வி-ரேதான்.