சாவுக்கு ஒரு மணி நேரம், வழக்குக்கு ஒரு நிமிடம்

31 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். வக்கீல்களைப் பற்றி யார் எது சொன்னாலும் பாதியைத்தான் நம்புவேன். மீதியைக் கேஸ் கட்டைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். சென்ற மார்ச்சில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத் தலைநகரான பேட்டன் ரூஜில் மகள் வீட்டில் இருந்தபோது, "அப்பா, உங்களுக்குத் தோதான ஒரு வக்கீல் இந்த ஊரில் இருந்திருக்கிறார்" என்று சொல்லி, ஓர் அரைநாள் வேன் சுற்றுலாவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். மதியச் சாப்பாட்டோடு 55 டாலர். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இரண்டு வேன்களை வைத்துக்கொண்டு பிழைப்பவர்கள்; குறைகளைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன், அவர்கள் வயிற்றில் அடிக்க வேண்டாம்.

அந்த வக்கீலின் பெயர் ஹியூயி லாங். 1893இல் லூசியானா மாநிலத்தின் வின்ஃபீல்டில் பிறந்தார். 1928இல் ஆளுநரானார், பிறகு அமெரிக்க செனட்டரானார், 1935இல் 42 வயதில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். ஆளுநர் என்றதும் நம் ஊர் ராஜ்பவனை நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சரைப் போல மாநிலத்தை நடத்துகிறவர்.

வழிகாட்டி எழுபதை நெருங்கிய, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தென் மாநிலத்து வழக்கப்படி வாய்க்கு வாய் 'சார்' போட்டார். காலை ஒன்பதரைக்கு முதலில் கொண்டுபோய் இறக்கியது, லாங் கட்டவைத்த சட்டமன்றக் கட்டடத்தின் முன்பு. 34 மாடி, 450 அடி உயரம். அமெரிக்க மாநிலங்களின் சட்டமன்றக் கட்டடங்களில் இதுவே மிக உயரமானது. 1932இல் திறந்தார்கள். நுழைவாயிலுக்கு ஏறும் படிகளில், எந்த மாநிலம் எந்த வரிசையில் அமெரிக்காவில் சேர்ந்ததோ அந்த வரிசையில் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கீழே டெலவேர். லூசியானா பதினெட்டாவது. என் முழங்காலும் சரியாக அந்தப் படியில்தான் தகராறு செய்தது. வழிகாட்டி காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை. அதற்காக ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

உள்ளே போனதும் நேரே லாங் சுடப்பட்ட நடைக்கூடம். இங்கேதான் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஒரு மணி நேரம் அங்கேயே நிறுத்திவிட்டார். 1935 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டம். பெஞ்சமின் பேவி என்ற நீதிபதி லாங்குக்கு எதிரணி; அங்கே நீதிபதிகளையும் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவருடைய தொகுதி எல்லையை மாற்றி, அடுத்த தேர்தலில் அவரை வீட்டுக்கு அனுப்ப ஒரு மசோதா. நீதிபதியின் மருமகன் கார்ல் வைஸ், ஒரு டாக்டர், இந்த நடைக்கூடத்தில் லாங்கை நெருங்கினார். அடுத்த சில நொடிகளில் லாங்கின் வயிற்றில் குண்டு. மெய்க்காவலர்கள் சுட்டதில் வைஸின் உடம்பில் அறுபது காயங்களுக்கு மேல். லாங் ஆஸ்பத்திரியில் 10ஆம் தேதி இறந்தார். சலவைக்கல்லில் சில்லு பெயர்ந்த இடங்களை வழிகாட்டி விரலால் தொட்டுத் தொட்டுக் காட்ட, கூட வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள்.

வைஸ் சுடவே இல்லை, கையால் ஒரு குத்து மட்டும் விட்டார், மெய்க்காவலர்களின் குண்டே தவறி லாங் மேல் பாய்ந்தது என்றும் ஒரு கட்சி இன்றுவரை வாதாடுகிறது. லாங்கின் உடலுக்கு முறையான பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. ஒரு கொலை வழக்கில் அந்தக் காகிதம் இல்லையென்றால் மற்றதெல்லாம் திண்ணைப் பேச்சுதான். அந்தத் திண்ணைப் பேச்சுக்கு ஒரு மணி நேரம்.

"அவர் வக்கீலாக என்ன செய்தார்?" என்று கேட்டேன். "பெரிய வக்கீல், சார். உச்ச நீதிமன்றத்திலேயே வாதாடினார்" என்றார். அவ்வளவுதான். அடுத்த இடத்துக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மகள் நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகங்களை நாலு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். சுற்றுலாவில் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். ஒன்பது பிள்ளைகளில் ஏழாவது. ஊர் ஊராகப் போய்ப் பருத்திக்கொட்டை எண்ணெயில் செய்த சமையல் கொழுப்பை விற்ற பையன். விற்பனைக்காகக் கேக் போட்டி நடத்துவார். ஷ்ரீவ்போர்ட்டில் நடந்த அப்படி ஒரு போட்டியில்தான் பின்னால் மனைவியான ரோஸைச் சந்தித்தார். டியூலேன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தது ஒரு வருடம்கூட நிறையவில்லை. தனியாகத் தேர்வு வைக்கச் சொல்லிக் கேட்டு, எழுதித் தேறி, 1915இல் 21 வயதில் வக்கீல். எங்கள் சீனியர் கேட்டிருந்தால் மூக்கின் மேல் விரலை வைத்திருப்பார்.

வந்த கட்சிக்காரர்கள் பெரும்பாலும் கை கால் போன தொழிலாளிகள், நஷ்டஈட்டு வழக்குகள். ஏழைக்கு எதிராக ஒரு வழக்குகூட எடுத்ததில்லை என்று பின்னால் பெருமையடித்துக்கொண்டார். (இப்படிச் சொல்லாத வக்கீலை நான் பார்த்ததில்லை.) அரசியலுக்கு வர ஆசை, வயதோ போதவில்லை. வயது வரம்பே எழுதப்படாத பதவி எது என்று மாநில அரசியல் சட்டத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். ரயில்வே ஆணையம் அகப்பட்டது. 1918இல் 25 வயதில் அதற்கு நின்று ஜெயித்தார். ரயில் மட்டுமல்ல, தொலைபேசிக் கட்டணமும் அந்த ஆணையத்தின் கையில். கம்பர்லண்ட் தொலைபேசிக் கம்பெனி கட்டணத்தை 20 சதவீதம் ஏற்றியதை எதிர்த்து வழக்கு. அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1922இல் லாங்கே அங்கே நின்று வாதாடினார். முடிவில் சுமார் 80,000 வாடிக்கையாளர்களுக்கு ஏறத்தாழ 4,40,000 டாலர் திரும்பக் கிடைத்தது. நினைத்துப் பாருங்கள், கம்பெனியிடமிருந்து வீட்டுக்குக் காசோலை வருகிறது! அந்தக் காசோலையைவிடப் பெரிய தேர்தல் சுவரொட்டி உண்டா? 1924 தேர்தலில் தோற்றாலும் 1928இல் ஜெயித்தார்.

நடைக்கூடத்துக்குப் பிறகு 27ஆவது மாடி. இதை மட்டும் தவற விடாதீர்கள். ஒரு பக்கம் மிசிசிப்பி ஆறு, களிமண் நிறத்தில், அவசரமே இல்லாமல் போகிறது. வடக்கே திரும்பினால் புகைபோக்கிகளும் தொட்டிகளுமாக எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 1909இல் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி தொடங்கியது. அந்தக் கம்பெனியோடு லாங் ஆயுள் முழுக்க மல்லுக்கு நின்றார். 1929இல் சுத்திகரிக்கும் எண்ணெய்க்குப் பீப்பாய்க்கு 5 சென்ட் வரி என்று கிளம்பியதும்தான் அவரைப் பதவியிலிருந்து இறக்கச் சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது. அவையில் அடிதடி, ரத்தம். கீழவை குற்றம் சாட்டிவிட்டது, விசாரணை மாநிலத்தின் மேலவையான செனட்டில். 39 பேரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 26 பேர் வேண்டும். லாங் செய்தது என்ன? எந்தச் சாட்சியம் வந்தாலும் தண்டிக்க மாட்டோம் என்று 15 செனட்டர்களிடம் முன்கூட்டியே ஒரே தாளில் கையெழுத்து வாங்கி நீட்டினார். 24 பேரை வைத்துக்கொண்டு எதிரணி என்ன செய்யும்? வழக்கு கலைந்தது. சட்டப்படி செல்லும், மனசுக்குச் செல்லாது. இது என் அபிப்பிராயம்.

வழிகாட்டி இந்த ஆலையைக் கைகாட்டினார், "பெரிய ஆலை" என்றார், இறங்கிவிட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இன்னொன்றும் சொல்லியிருக்கலாம். 1930இல் அமெரிக்க செனட்டுக்கு ஜெயித்த பிறகும் லாங் ஆளுநர் நாற்காலியை விடவில்லை. துணை ஆளுநர் பால் சைர் அவருக்குப் பகை. பொறுமை இழந்த சைர் 1931இல் தானே ஆளுநர் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டார். உடனே லாங், ஆளுநராகப் பதவியேற்றதால் சைரின் துணை ஆளுநர் பதவி காலியாகிவிட்டது என்றார். ஆளுநர் பதவியும் கிடைக்கவில்லை, இருந்ததும் போயிற்று. பள்ளிப் புத்தகமும் இதே மூளைதான். இலவசப் பாடநூலைப் பள்ளிக்குக் கொடுத்தால் மதப் பள்ளிக்கு அரசுப் பணம் போகிறது என்று வழக்கு வரும். அதனால் பிள்ளையின் கையில் கொடுத்தார்கள். வழக்கு வரத்தான் வந்தது. பயன் பள்ளிக்கல்ல, பிள்ளைக்கே என்று 1930இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சாப்பாட்டை வேகமாகக் கடந்துவிடுகிறேன். கீரை வேகவைத்த சாற்றில் சோள ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவதா, உதிர்த்துப் போட்டுச் சாப்பிடுவதா என்று லாங் 1931இல் அட்லாண்டா நாளிதழ் ஒன்றோடு பெரிய சண்டையே போட்டார். அவர் தோய்க்கும் கட்சி. அதனால் சுற்றுலாவில் அதுதான் மதிய உணவு. கீரையோடு பன்றிக் கொழுப்பைப் போட்டு வேகவைப்பார்கள் என்பதை டிக்கெட் வாங்கும்போது சொல்லவில்லை. சைவக்காரனான நான் வெறும் ரொட்டியைத் தண்ணீரில் தோய்த்துச் சாப்பிட்டேன்.

வேன் ஓட்டுநர் இளைஞர். அவர்தான், வழிகாட்டி இல்லாத நேரத்தில், என்னிடம் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னார். மாநில ஊழியர்களின் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்கென்று பிடித்துப் போட்ட பணப்பெட்டி. லாங் இறந்த பிறகு அது அகப்படவே இல்லை. சாலைகள், பாலங்கள், புத்தகங்கள் எல்லாவற்றையும் சொன்ன வழிகாட்டி இதை வாயே திறக்கவில்லை. அவருடைய தாத்தாவுக்கு லாங் காலத்தில் சாலை வேலை கிடைத்ததாம்; பிறகு எப்படி வாய் வரும்?

கடைசியாகச் சமாதி. கட்டடத்துக்கு நேர் எதிரே தோட்டத்தில் புதைத்திருக்கிறார்கள். மேலே சிலை, தான் கட்டிய கட்டடத்தையே பார்த்துக்கொண்டு. கைக்குக் கீழே அந்தக் கட்டடத்தின் சிறு உருவம், கேஸ் கட்டின் மேல் கை வைத்து நிற்கும் சீனியர் மாதிரி. இங்கே பத்து நிமிடம்தான் கொடுத்தார்கள். எனக்கு அரை மணி வேண்டியிருந்தது.

ஐந்தில் மூன்று நட்சத்திரம். கார் இருப்பவர்களுக்கு இந்த வேன் தேவையில்லை. மாடிக்கு ஏறிப் பார்க்க நான் போனபோது கட்டணம் எதுவும் இல்லை. கார் இல்லாதவர்கள் போகலாம். காலை வேளையைத் தேர்ந்தெடுங்கள், சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வேனில் கடைசி வரிசையில் உட்காராதீர்கள், குளிர்காற்று அங்கே எட்டுவதில்லை. நடைக்கூடத்தில் நிற்கும்போது தொலைபேசி வழக்கைப் பற்றி வழிகாட்டியிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஒருவேளை படித்து வைப்பார்.