அலைனர் சிகிச்சை: 1,55,000 ரூபாய் 2,10,760 ரூபாய் ஆன கணக்கு

2021 அக்டோபரில், பற்களின்மேல் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறைகளால் அவற்றைச் சீராக்கும் அலைனர் சிகிச்சையைத் தொடங்கியபோது எனக்குச் சொல்லப்பட்ட தொகை 1,55,000 ரூபாய். நான்கு ஆண்டுகள் கழித்து, இதற்கென்றே வைத்திருக்கும் நோட்டில் குறித்துவந்த செலவுகளைக் கூட்டிப் பார்த்தால் 2,10,760 ரூபாய் வருகிறது. இடையில் யாரும் என்னை ஏமாற்றவில்லை. கூடுதலாக ஆன ஒவ்வொரு செலவுக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் காரணங்களில் பெரும்பாலானவற்றை முதல் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். இப்போது என் தம்பி மகள் இதே சிகிச்சைக்குப் போக எண்ணி, "அத்தை, மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறாள். அவளுக்கு ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாததால் முழுக் கணக்கையும் எழுதுகிறேன்.

நான் பொள்ளாச்சியில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். மேல்வரிசையில் இடப்பக்கச் சிங்கப்பல் வரிசைக்கு வெளியே ஏறி, சற்றுத் திரும்பியும் நின்றது. ஊரில் இதைத் தெத்துப்பல் என்பார்கள். கீழ்வரிசையில் முன்பற்கள் நான்கும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றதால், இடுக்குகளில் பிரஷ் நுழையாமல் காரை படிந்து, ஈறு அடிக்கடி வீங்கி இரத்தம் கசிந்தது. அழகுக்காக மட்டும் என்றால் 36 வயதில் இவ்வளவு பணம் செலவிட எனக்கு மனம் வந்திருக்காது. ஈறு படுத்திய பாடுதான் என்னைக் கோயம்புத்தூர் வரை போக வைத்தது.

மூன்று இடங்களில் விசாரித்தேன். முதல் இடத்தின் விளம்பரத்தில் கண்ட தொகை 89,000 ரூபாய். வாய்க்குள் ஸ்கேன் எடுத்த பிறகு, "உங்களுடையது கொஞ்சம் சிக்கலான கேஸ்" என்று அது 1,30,000 ஆயிற்று. அங்கே எக்ஸ்ரே எடுக்கவில்லை. பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். என்னும் முதுநிலைப் பட்டம் பெற்ற மருத்துவர் எவரையும் நான் பார்க்கவும் இல்லை. ஸ்கேனில் தெரிவது ஈறுக்கு மேலுள்ள பல் மட்டுமே. வேர் எந்தக் கோணத்தில் இறங்கியிருக்கிறது, சுற்றிலும் எலும்பு எவ்வளவு இருக்கிறது என்பதற்கு எக்ஸ்ரே வேண்டும். இதைப் பின்னர் அறிந்தபோது, அங்கே பணம் கட்டாமல் திரும்பியது நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது, சீரமைப்பு மருத்துவர் ஒருவர் தாமே நடத்தும் கிளினிக். இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயும் முகத்தின் பக்கவாட்டு எக்ஸ்ரேயும் பார்த்த பிறகே அவர் தொகையைச் சொன்னார்: இந்திய ஆய்வகம் ஒன்றில் செய்யப்படும் அலைனருக்கு 1,55,000, உலோகக் கம்பி போட்டால் 45,000, பல்லின் நிறத்திலேயே இருக்கும் செராமிக் என்றால் 60,000. மூன்றாவது இடத்தில் இன்விசலைன் என்ற அமெரிக்க நிறுவன அலைனரை மட்டுமே செய்தார்கள், அங்கே 2,80,000.

ஒரே வாய்க்கு 45,000 முதல் 2,80,000 வரை விலை எப்படி மாறும் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. கம்பியில் பொருளின் விலை குறைவு. கட்டணத்தின் பெரும்பகுதி மருத்துவரின் கைவேலைக்கும் நேரத்துக்கும் உரியது. அலைனரில் வாயை ஸ்கேன் செய்து, கணினியில் ஒவ்வொரு பல்லையும் படிப்படியாக நகர்த்தி, ஒவ்வொரு படிக்கும் ஒரு மாதிரியை முப்பரிமாண அச்சில் எடுத்து, அதன்மேல் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அழுத்தி, விளிம்பை வெட்டி மெருகேற்றுகிறார்கள். ஒரு படியில் ஒரு பல் ஏறக்குறைய 0.25 மி.மீ. மட்டுமே நகர்த்தப்படுவதால், படிக்கு ஒன்றாகச் செய்யப்படும் அலைனர் செட்டுகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. இந்த வேலைக்கு நிறுவனமோ ஆய்வகமோ வாங்கும் கட்டணமும் மருத்துவரின் கட்டணமும் ஒரே தொகையாக நம்மிடம் வந்து சேர்கின்றன. இன்விசலைனைச் செய்யும் அலைன் டெக்னாலஜி 1997இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டது. அதன் முக்கியமான காப்புரிமைகள் 2017 முதல் காலாவதியாகத் தொடங்கியதும் போட்டி நிறுவனங்கள் பெருகின. ஒரு லட்சத்துக்கும் குறைவான தொகைகள் நம் காதில் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். விலை குறைந்தது என்பதாலேயே ஓர் அலைனரை மட்டம் என்று சொல்ல மாட்டேன். திட்டத்தை வகுப்பவர் யார், அவர் எத்தனை முறை நம் வாயைத் திறந்து பார்க்கிறார் என்பவை, என் அனுபவத்தில், பிளாஸ்டிக்கின் பெயரைவிட முக்கியமாக இருந்தன.

இரண்டாவது மருத்துவரிடமே போனேன். இரு வரிசைகளுக்கும் 24 செட் அலைனர்கள், பிளாஸ்டிக் பிடித்துக்கொள்வதற்காகப் பற்களின்மேல் ஒட்டப்படும் சிறு அட்டாச்மென்ட்டுகள், பற்களுக்கிடையே எனாமலை மெலிதாக இழைத்து இடம் உண்டாக்குவது, மாதாந்தரப் பரிசோதனை, பல் திட்டமிட்டபடி நகராவிட்டால் புதிய செட்டுகள் செய்துதரும் திருத்தச் சுற்று ஒருமுறை ஆகியவை 1,55,000இல் அடங்கும் என்று எழுதிக் கொடுத்தார். ஸ்கேனுக்காக முன்பே வாங்கிய 4,000 ரூபாயையும் அதில் கழித்துக்கொண்டார். எவையெல்லாம் அடங்காது என்று நான் கேட்கவில்லை, அந்தத் தாளிலும் அது எழுதப்படவில்லை. என் கணக்கில் பிற்பாடு ஏறிய 55,760 ரூபாயில் பெரும்பகுதி அந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் எதிர்பாராமல் வந்தது.

தொடங்கும் முன்பே மூன்று இடங்களின் ஆலோசனைக் கட்டணமும் எக்ஸ்ரேயுமாக 2,700 ரூபாயும், காரை எடுக்கவும் இரண்டு சொத்தைகளை அடைக்கவும் 4,500 ரூபாயும் ஆயின. அலைனர் மாட்டிய பற்களின்மேல் உமிழ்நீர் வழக்கம்போல் பாயாது என்பதால், சொத்தையையும் ஈறு வீக்கத்தையும் வைத்துக்கொண்டு இதைத் தொடங்கவே கூடாது. எங்கள் குடும்ப மருத்துவக் காப்பீட்டில் விபத்தால் நேரும் பல் சிகிச்சைக்கு மட்டுமே இடம் இருந்தது. ஒரு ரூபாயும் திரும்ப வரவில்லை.

நாள்தோறும் 20 முதல் 22 மணி நேரம் அணிய வேண்டும் என்பது, உண்ணும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வாயில் இருக்க வேண்டும் என்பதே. போட்டுக்கொண்டு குடிக்கத் தக்கது வெறும் தண்ணீர் மட்டும். காபிக்கும் கழற்ற வேண்டியிருந்ததால் நாளுக்கு நான்கு காபி இரண்டாகக் குறைந்தது. சாம்பாரின் மஞ்சள் பிளாஸ்டிக்கிலும் அட்டாச்மென்ட்டிலும் ஏறிவிடும். பல் துலக்காமல் திரும்ப மாட்டினால் அன்றே நிறம் மாறும். சகரமும் ஸகரமும் முதல் பத்து நாள் குழறின. வகுப்பில் முகக்கவசம் அணிந்திருந்த காலம் அது என்பதால் மாணவர்கள் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு புதிய செட்டுக்கும் முதல் இரண்டு நாள் இறுக்கமும் சிறு வலியும் இருக்கும், அவ்வளவுதான். ஓர் உறவினர் திருமணத்தில் பந்தியில் உட்காரும்போது மேல் அலைனரைக் கழற்றிக் காகிதக் கைக்குட்டையில் சுற்றி இலைக்கருகே வைத்தேன். இலையோடு அதுவும் போயிற்று. அந்த ஒரு துண்டை மறுபடி செய்ய 3,500 ரூபாய். அன்றிலிருந்து டப்பா இல்லாமல் அலைனரைக் கழற்றியதே இல்லை.

செலவு உண்மையில் கூடியது அந்தச் சிங்கப்பல்லால்தான். தொடக்கத்திலேயே மருத்துவர் சொன்னார்: "டீச்சர், உருண்டையா இருக்கற பல்லைப் பிளாஸ்டிக் பிடிச்சுத் திருப்பறது கஷ்டம். இந்தப் பக்கம் மட்டும் நாலு மாசம் கம்பி போட்டுட்டு, அப்புறம் அலைனருக்குப் போகலாம்." அதற்குக் கூடுதலாக 10,000 ரூபாய் ஆகும் என்றார். நாள் முழுவதும் மாணவர்கள் முன் நின்று பேசுபவள் என்ற எண்ணத்தில் கம்பியே வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். கணினித் திரையில் அந்தப் பல் 24 படிகளில் அழகாக இறங்கி, திரும்பி, வரிசையில் வந்து நின்றதைக் கண்டதும் என் மறுப்புக்கு வலுச் சேர்த்தது. திரையில் ஓடும் அந்தப் படம் வெறும் கணிப்பு. பல் நகர வேண்டுமானால், அழுத்தம் படும் பக்கத்தில் எலும்பு கரைய வேண்டும், மறுபக்கத்தில் புது எலும்பு ஊற வேண்டும்; அந்த வேகம் ஆளுக்கு ஆள் மாறும், பிளாஸ்டிக் அந்தப் பல்லை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறும். பதினைந்தாவது செட் அளவில் சிங்கப்பல்லின் நுனிக்கும் அலைனருக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி தெரிய ஆரம்பித்தது. பல் பின்தங்கிவிட்டது, அலைனர்கள் முன்னே போய்விட்டன என்று மருத்துவர் விளக்கினார்.

பத்து நாளுக்கு ஒரு செட் என்று எட்டு மாதத்தில் 24 செட்டுகளும் முடிந்தபோது, கீழ்வரிசை நேராகியிருந்தது. சிங்கப்பல் இறங்கியிருந்தது, ஆனால் பாதிதான் திரும்பியிருந்தது. மறுபடி ஸ்கேன் எடுத்து, ஏறக்குறைய ஒரு மாதம் காத்திருந்து, 14 செட்டுகளுடன் முதல் திருத்தச் சுற்று நடந்தது. அது ஒப்பந்தத்தில் அடங்கியது. அதிலும் பல் முழுதாகத் திரும்பாததால் மேலும் 10 செட் தேவைப்பட்டது. இந்த இரண்டாம் சுற்றுக்கு 18,000 ரூபாய் கட்டினேன். எட்டு மாதம் என்று தொடங்கியது 2023 மே மாதம் வரை, 19 மாதங்கள் நீண்டது. பொள்ளாச்சியிலிருந்து 40 கிலோமீட்டர் என்ற கணக்கில் 18 முறை போய்வந்த செலவு 2,700 ரூபாய், அத்துடன் அரைநாள் விடுப்புகள். 10,000 ரூபாய்க் கம்பியை மறுத்ததற்காக 18,000 ரூபாயும் பல மாதங்களும் கொடுத்திருக்கிறேன் என்பதை இன்று வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். மேலே ஏறி நிற்கும், திரும்பி நிற்கும் சிங்கப்பல் உள்ளவர்கள், திருத்தச் சுற்றுகள் எத்தனை, எத்தனை ஆண்டுக்குள், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பணம் கட்டிய முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 55,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்து, மீதி ஒரு லட்சத்தை ஒரு நிதி நிறுவனத்தின் வழியாகப் பன்னிரண்டு மாதத் தவணையாக்கினேன். வட்டி இல்லை என்றார்கள். செயலாக்கக் கட்டணம் 2,000, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று 2,360 ரூபாய் முதலிலேயே பிடிக்கப்பட்டது. அது சிறிய தொகைதான். சிகிச்சை நின்றாலும் கடன் நிற்காது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. அமெரிக்காவில் ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற அலைனர் நிறுவனம் 2023 செப்டம்பரில் திவால் மனு கொடுத்து டிசம்பரில் மூடப்பட்டபோது, சிகிச்சையின் நடுவில் இருந்தவர்கள் கைவிடப்பட்டார்கள். தவணைத் திட்டத்தில் இருந்தவர்கள் தொடர்ந்து கட்ட வேண்டும் என்றே அறிவிப்பு வந்தது. வாழ்நாள் உத்தரவாதம் என்று சொல்லப்பட்டதும் நிறுவனத்தோடு முடிந்தது. அந்தச் செய்தியைப் படித்த பிறகு, தம்பி மகளுக்கு நான் சொல்லியிருப்பது இதுதான்: முடிந்தவரை கிளினிக்கிலேயே கட்டம் கட்டமாகக் கட்டு, தொடக்க ஸ்கேனின் கோப்பையும் எக்ஸ்ரேக்களையும் உன் கையில் ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள், ஊர் மாற நேர்ந்தால் மீதிச் சிகிச்சைக்கு என்ன வழி என்று முன்கூட்டியே கேள்.

அலைனர் முடிந்த நாளில் செலவு முடிந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். அன்றைக்குத்தான், நகர்ந்த பற்களை அங்கேயே பிடித்து வைக்கும் ரிட்டெய்னர் பற்றிய பேச்சு வந்தது. நகர்ந்த பல்லைச் சுற்றியுள்ள எலும்பும் ஈறின் நார்களும் புதிய இடத்தில் நிலைகொள்ள மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பிடித்து வைக்காவிட்டால் பல் பழைய இடத்தை நாடிப் போகும். மேலும் கீழும் கழற்றி மாட்டும் ரிட்டெய்னர் ஒரு ஜோடி 8,000 ரூபாய், கீழ் முன்பற்களின் உட்புறம் ஒட்டும் மெல்லிய கம்பி 4,000 ரூபாய். இரண்டும் ஒப்பந்தத்துக்கு வெளியே. இத்துடன் கணக்கு 2,00,760 ஆயிற்று. முதல் ஆறு மாதம் நாள் முழுவதும், அதன் பிறகு இரவில் மட்டும் என்று அணிகிறேன். இரவில் அணிவதை நிறுத்தவே வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பிளாஸ்டிக் ஓராண்டு, இரண்டாண்டில் தேய்ந்தோ விரிசல் விட்டோ போகும். வெந்நீரில் கழுவினால் அன்றே வளைந்துவிடும். ஆகவே இது ஆண்டுக்கு நான்கைந்தாயிரம் ரூபாய் என்ற அளவில் தொடர்ந்து வரும் செலவு. இதைச் சேர்க்காமல் யார் விலை சொன்னாலும் அது முழு விலையாகாது.

2024 ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தபோது மேல் ரிட்டெய்னர் உடைந்தது. முகாம் முடியட்டும், வெயில் தணியட்டும் என்று ஐந்து வாரம் தள்ளிப்போட்டேன். கீழ்வரிசை, கம்பி ஒட்டியிருந்ததால் அசையவில்லை. மேலே சிங்கப்பல்லுக்கு அடுத்த முன்பல் மட்டும் மயிரிழை அளவு உள்ளே போயிருந்தது. புது ஜோடிக்கு 9,000 ரூபாய் ஆனது. இந்த ஆண்டு கீழ்க்கம்பி ஒரு பல்லில் விட்டுப்போய் மறுபடி ஒட்ட 1,000 ரூபாய். உள்ளே போன முன்பல்லைத் திரும்பக் கொண்டுவர ஆறு செட் போதும், 15,000 ரூபாய் ஆகும் என்று மருத்துவர் சொன்னார். ஈறில் இப்போது இரத்தம் கசிவதில்லை, இடுக்குகளில் பிரஷ் நன்றாகப் போகிறது. அந்த முன்பல் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.