உடைந்த பியானோ கால்: ஒட்டலாமா, புதிதாகச் செய்யலாமா?

வீடு மாற்றும்போது அப்ரைட் பியானோவை (சுவரோரம் நிமிர்ந்து நிற்கும் வகை) வாசற்படியில் இழுத்தால் முதலில் போவது முன்கால்தான். 200 கிலோ எடை பக்கவாட்டில் இழுபடுவதைத் தாங்க அது செய்யப்படவில்லை.

உடைந்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மரநாரின் போக்கிலேயே நீளமாகப் பிளந்து, இரண்டு துண்டும் இடைவெளி தெரியாமல் பொருந்தினால் ஒட்டுவதே நல்லது. பசை பிளவின் அடிவரை இறங்க வேண்டும்; கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க அசைக்கக் கூடாது. பழைய மூட்டு விட்டுப்போயிருந்தால், காய்ந்த வச்சிரப் பசையை (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சியது) வெந்நீரால் துடைத்தெடுங்கள். அதன்மேல் புதுப் பசை சரியாகப் பிடிக்காது. அசல் மரமும் பழைய பாலிஷும் அப்படியே தங்குவதால் எனக்கு இந்த வழிதான் பிடிக்கும்.

நாருக்குக் குறுக்கே முறிந்திருந்தால்? வெட்டுமுனை பசையை உறிஞ்சிவிடும், பிடிப்பு இருக்காது. ஆணி அடித்தால் மரம் இன்னும் பிளக்கும். அப்புறம் புதுக் கால்தான். கீபோர்டுக்கு அடியில் கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு, மறுபக்கக் காலைக் கழற்றி மாதிரியாகக் கொடுத்தால் கடைசல்காரர் செய்துவிடுவார். பாலிஷ் நிறம் ஒத்துவருவதுதான் சிரமம்.

எதற்கும் முன், உள்ளே இருக்கும் வார்ப்பிரும்புச் சட்டத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பிகளின் பல டன் இழுவையைத் தாங்குவது அதுதான். அதில் விரிசல் இருந்தால் காலுக்குச் செலவு செய்ய வேண்டாம்.