மாடியில் 3 கிலோவாட் சோலார்: ஒரு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும் என்று எங்களுக்குப் பொருத்திக் கொடுத்தவர்கள் சொல்லவே இல்லை. பொருத்திய இரண்டாவது வாரம், கொளுத்தும் வெயிலில் நடுப்பகலில் மின்தடை வந்தது, மாடியில் ஆறு பேனல்கள் பளபளவென்று இருக்க கீழே ஃபேன் நின்றுவிட்டது. போன் போட்டுக் கேட்டால் "ஆன்-கிரிட் என்றால் அப்படித்தான் சார்" என்கிறார்கள், அதாவது பேட்டரி இல்லாமல் வெளி லைனோடு நேராக இணைந்து ஓடுகிற அமைப்பு. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

காரணம் நியாயமானதுதான். வெளியே லைனில் மின்சாரம் இல்லை என்றதும், பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் தானாக அணைந்துகொள்ளும், இல்லாவிட்டால் நம் வீட்டிலிருந்து போகிற மின்சாரம் கம்பியில் வேலை பார்க்கிறவரின் உயிருக்கே ஆபத்து. அடிக்கடி மின்தடை வரும் இடத்தில் இருப்பவர்கள் பேட்டரியோடு வேலை செய்யும் ஹைபிரிட் இன்வெர்ட்டரைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் மாற்றுவது இரட்டைச் செலவு.

சரி, பேனல்களுக்கு வருகிறேன். ஒவ்வொன்றும் 540 வாட் மோனோ (ஒற்றைப் படிக சிலிக்கன்) பேனல், மேகமில்லாத நாளில் எல்லாம் சேர்ந்து 13 யூனிட் வரை தருகின்றன, மழைநாளில் 3 யூனிட் வந்தாலே பெரிது. வெயில் அதிகமானால் மின்சாரமும் அதிகமாகும் என்று நினைத்திருந்தேன், ஆனால் இவற்றுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. 540 வாட் என்பது பேனலுக்குள் மின்சாரம் தயாரிக்கும் செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்த கணக்கு. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும், மொட்டை வெயிலில் செல் 65 டிகிரியைத் தொட்டால் 14 சதவீதம் அப்படியே காலி. அதனால் பேனலைத் தரையோடு ஒட்டிப் போடாமல் அடியில் காற்றுப் போக இடம் விட்டு உயர்த்திப் போடச் சொல்லுங்கள். நிழலையும் இதே அளவு கவனிக்க வேண்டும். எங்கள் தண்ணீர்த் தொட்டியின் நிழல் சாயங்காலம் ஒரே ஒரு பேனலில்தான் விழுகிறது, ஆனாலும் எல்லாம் தொடராக இணைந்திருப்பதால் மொத்த வரிசையின் உற்பத்தியும் கீழே இறங்குகிறது. நிழல் விழுந்த பகுதியை விட்டு மின்சாரத்தைச் சுற்றி அனுப்பும் பைபாஸ் டயோடு ஓரளவு காப்பாற்றும், முழுசாக இல்லை. தூசியைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை காலையில் பேனல் சூடாவதற்கு முன்பு தண்ணீர் விட்டுத் துடைக்கிறேன், அது பெரிய வேலையே இல்லை.

இதை வாங்கியதற்கு மின்கட்டணம் மட்டும் காரணமில்லை. நிலக்கரி உருவானது கிட்டத்தட்ட 30 கோடி வருடங்களுக்கு முன்பு புதைந்த காடுகளிலிருந்து, அதைச் சில தலைமுறைகளிலேயே எரித்துத் தீர்த்துக்கொண்டிருக்கிறோம், உலகம் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு இன்னமும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவிலிருந்துதான் வருகிறது. பேனல் செய்யவும் அதே நிலக்கரியைத்தானே எரிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், ஆனால் செய்வதற்குச் செலவான ஆற்றலை ஒன்று முதல் மூன்று வருடத்துக்குள் பேனலே திருப்பித் தந்துவிடும், அதன் ஆயுளோ 25 வருடத்துக்கு மேல்.

நான் எதிர்பார்க்காதது, எங்கள் வீட்டுப் பழக்கமே மாறியதுதான். முன்பு ராத்திரியில் ஓடிய வாஷிங் மெஷின், மோட்டார், இஸ்திரி எல்லாம் இப்போது பகல் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில், அதுவும் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. என் மகள் வானத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் துணி போடுகிறாள். இந்த ஒழுங்கு வராமல் பேனல் மட்டும் வாங்கினால், பேட்டரி இல்லாத வீட்டில் ராத்திரிக்கு மறுபடியும் அதே அனல்மின் நிலையத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் பேனல் அளவுக்கு உழைக்காது, பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். அப்போது ஹைபிரிட் ஒன்றைப் போட்டு, கூடவே லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியும் வாங்குவதாக இருக்கிறேன். பேனல்கள் அதே இடத்தில்தான் இருக்கும், தண்ணீர்த் தொட்டியை மட்டும் இந்த மாதமே நகர்த்துகிறோம்.