தரிசு உளுந்து அறுக்க ஆப்புல வண்டி புக் பண்ணப் போறீங்களா, இதப் படிச்சிட்டுப் பண்ணுங்க

அறுத்து நாலு நாளாச்சு, இன்னும் ஆத்திரம் அடங்கல. 39,200 ரூபாய், என் கண்ணு முன்னாடியே மண்ணுல கொட்டிப் போச்சு. கடைசில என்னென்ன பாக்கணும்னு எழுதுறேன், மொதல்ல நடந்தத சொல்லிடுறேன்.

மன்னார்குடி பக்கம் நாலு ஏக்கர். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாடி ஈரம் மெழுகு பதத்துல இருக்கறப்ப ஆடுதுறை 3 ரக உளுந்து தெளிச்சோம், உழவே கிடையாது, நெல்லுத் தாளுக்கு நடுவுல தானா வந்த பயிர், அதான் தரிசு உளுந்து. டிஏபி உரக் கரைசல் ரெண்டு தடவ அடிச்சோம், காய் நல்லா புடிச்சிருந்துச்சு. புடுங்க ஆள் கிடைக்கல. அதான் வாடகைக்கு அறுப்பு மெஷின் புடிச்சுக் குடுக்குற ஒரு ஆப்புல போட்டேன், பேரு வேணாம்.

ஆப்புலேருந்து போன்ல பேசின பொண்ணு அவ்ளோ தெளிவா பேசுச்சுங்க. "உளுந்துக்கு டிரம் வேகத்த 450க்கு இறக்கணும் சார், புல்லி மாத்தித்தான் அனுப்புவோம், கான்கேவ் இடைவெளியும் கூட்டிடுவோம்"னு அதுவா சொல்லுச்சு. நான் கேக்கவே இல்ல. டிரம்னா உள்ள சுத்தி மணிய அடிச்சு உதிர்க்குற உருளை, 450ங்கறது நிமிஷத்துக்கு எத்தன சுத்துன்னு, கான்கேவ் அதுக்கு அடில இருக்குற சல்லடை; நெல்லு வேகத்துலயே சுத்துனா உளுந்து ஒடஞ்சிடும். இவ்ளோ வெவரம் தெரிஞ்சவங்க ஏமாத்த மாட்டாங்கன்னு நம்பி அப்பவே 5,000 அட்வான்ஸ் போட்டேன். அங்கதான் விழுந்தேன்.

வண்டி காலைல ஏழு மணிக்குன்னு சொல்லிட்டு வந்தது பதினொன்றரைக்கு. காலைல கொஞ்சம் பனி ஈரம் இருக்கறப்பவே அறுத்தாதான் காய் வெடிக்காது, உச்சி வெயில்ல வண்டி முன்னாடி சுத்துற ரீல் லேசா தட்டினாலே படபடன்னு வெடிச்சுக் கொட்டுது. புல்லி மாத்தியாச்சான்னு டிரைவர் தம்பிகிட்ட கேட்டா "நேத்து நெல்லு அறுத்த வண்டிண்ணே, ஓனரு ஒண்ணும் சொல்லலியே"ன்னான். உடனே ஆப்புக்குப் போன் பண்ணேன். "ஓட்டுங்க சார், ஒண்ணும் ஆகாது"ன்னாங்க. அப்பவே திருப்பி அனுப்பியிருக்கணும், மேற்க வேற மேகம் கட்டிக்கிட்டு நின்னுச்சு, பயந்துபோய் சரின்னுட்டேன்.

சம்பா அறுத்த பெல்ட் வண்டி போட்ட தடம் வயல் பூரா பள்ளமா காஞ்சு கெடக்கு, அதுல செடிய அறுக்குற கட்டர் பார் ஒரு பக்கம் மண்ண அள்ளுது, இன்னொரு பக்கம் அடிக்காய விட்டுட்டுப் போவுது, மெதுவா போப்பான்னா மணிக்கணக்கு வாடகைன்னு நம்ம தலைலயே கட்டுறாங்க. டேங்க்ல கைய விட்டுப் பாத்தா பாதி பருப்பா ஒடஞ்சு கெடக்கு.

வண்டி போனப்புறம் நானும் வீட்டுக்காரியும் பத்து எடத்துல ஒரு சதுர அடி கட்டம் போட்டு எண்ணினோம். சராசரி 57 மணி. எங்க உளுந்து ஆயிரம் மணி 40 கிராம் நிக்குது, கணக்குப் போட்டுப் பாருங்க, ஏக்கருக்கு ஒரு குவிண்டால். நாலு குவிண்டால், 2025-26 ஆதார விலை 7,800 வச்சா 31,200. வீட்டுக்கு வந்தது பத்து குவிண்டால், அதுலயும் ஒடசல்னு யாவாரி குவிண்டாலுக்கு 800 கொறச்சிட்டாரு, அது 8,000. மொத்தம் 39,200. வண்டி வாடகை தனி, அத சேக்கவே இல்ல.

கம்ப்ளெயின்ட் குடுத்தேன், 48 மணி நேரத்துல கூப்பிடுறோம்னாங்க, கூப்பிடல. நானே கூப்பிட்டா "நாங்க ஓனரையும் உங்களையும் சேத்து விடுறதோட சரி சார்". ஓனருக்குப் போட்டா "உளுந்துன்னா கொஞ்சம் கொட்டத்தாண்ணே செய்யும்". வீடியோ அனுப்பினேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, அப்புறம் பிளாக். அந்தப் பொண்ணு நம்பர் இப்ப போவறதே இல்ல. 39,200 ரூபாய்ங்க, அடுத்த குறுவைக்கு வெதையும் உரமும் வாங்க வச்சிருந்த கணக்கு அது.

சரி, பாக்க வேண்டியது. வண்டி வயல்ல எறங்குறதுக்கு முன்னாடி டிரம் வேகத்தக் காட்டச் சொல்லுங்க, காட்டலன்னா எறக்காதீங்க. மொத இருபதடி ஓட்டினதும் நிறுத்தி, டேங்க்ல ஒடசலயும் பின்னாடி தரைல விழுந்த மணியையும் பாருங்க, சதுர அடிக்கு இருவது மணி கெடந்தாலே ஏக்கருக்கு 35 கிலோ போயிடும். என்ன செட்டிங்னு வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிக்குங்க, என்கிட்ட அது இல்ல, எல்லாம் வாய்ப்பேச்சு. அட்வான்ஸ் குடுக்காதீங்க.

இன்னும் எழுதணும்னு இருந்தேன், தூத்தல் ஆரம்பிச்சிருச்சு, களத்துல உளுந்து கெடக்கு, போறேன்.